டி.என்.ஏ.வில் மறைத்த செய்தி: பூட்டு எங்கே இருக்கிறது?

கேள்வி: நெல்லை_கணினி_ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கணினி அறிவியல் கற்பிப்பவன். இரகசியத் தகவலை டி.என்.ஏ. மூலக்கூறில் எழுதிப் பாதுகாப்பது என்பதை இறுதியாண்டு மாணவர் இருவர் தங்கள் செயல்திட்டத்துக்குத் தலைப்பாக எடுத்திருக்கிறார்கள். முன்வரைவின் முதல் பக்கத்திலேயே "டி.என்.ஏ.வில் எழுதப்பட்ட செய்தியை எவராலும் உடைக்க இயலாது" என்று ஒரு வரி இருந்தது. அதன் கீழே சிவப்பு மையால் கோடிட்டுவிட்டேன். ஆனால் ஓரத்தில் காரணம் எழுத முனைந்தபோது கை நின்றுவிட்டது. அந்த வரி தவறு என்று உள்ளுணர்வு சொல்கிறதே தவிர, எங்கே தவறு என்று எனக்கே தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

மாணவர்கள் சான்றாகக் காட்டுவது 1999இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு. ஒரு கடிதத்தின் முற்றுப்புள்ளியில் டி.என்.ஏ. இழையை ஒட்டி அஞ்சலில் அனுப்பி, மறுமுனையில் செய்தியை மீட்டார்கள் என்ற அளவில் எனக்கும் தெரியும். என் ஐயம் இதுதான்: அந்த முறையில் பாதுகாப்பைத் தருவது எது? மூலக்கூறு சிறியது என்பதா, அதைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதா, அல்லது நாம் வகுப்பில் சொல்லித்தரும் மறையாக்கத்தைப் போல, கையில் கிடைத்தாலும் படிக்க முடியாதபடி ஏதேனும் ஒரு பூட்டு அதற்குள் இருக்கிறதா? உயிரியலை நான் பன்னிரண்டாம் வகுப்போடு விட்டவன் என்பதைக் கருத்தில் கொண்டு விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1: ஆய்வகக்_குறிப்பேடு

வணக்கம் ஐயா. மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இழைகளைப் பெருக்குவதும் படிப்பதும் என் அன்றாடப் பணி என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

டி.என்.ஏ. இழை என்பது நான்கே நான்கு காரங்களின் தொடர்: அடினின், சைட்டோசின், குவானின், தைமின். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவப் பள்ளியில் கேத்தரின் டெய்லர் கிளெலண்ட், விவியானா ரிஸ்கா, கார்ட்டர் பான்கிராஃப்ட் ஆகிய மூவரும் ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் மூன்று காரங்கள் என்று ஓர் அட்டவணை வகுத்துக்கொண்டார்கள். அவர்கள் எழுதிய செய்தி, இரண்டாம் உலகப் போரை நினைவூட்டும் "ஜூன் 6 படையெடுப்பு: நார்மண்டி" என்பதாகும். ஆங்கிலத்தில் அது இடைக்குறிகளையும் சேர்த்து 23 குறிகள். ஆகவே 69 காரங்கள். அதன் இருபுறமும் தலைக்கு 20 காரங்கள் கொண்ட முனைத்தொடர்களைச் சேர்த்ததால் முழு இழை 109 காரங்கள் நீளமானது. மனித டி.என்.ஏ.வை ஏறத்தாழ அதே நீளத்துக்குத் துண்டுதுண்டாக உடைத்து, அந்தக் கூட்டத்துக்குள் இந்தச் செயற்கை இழையைக் கலந்துவிட்டார்கள். கலவையை வடிதாளில் அச்சிட்ட ஒரு புள்ளியில் விட்டு உலர்த்தி, புள்ளியை மட்டும் வெட்டியெடுத்து, கடிதத்திலிருந்த முற்றுப்புள்ளியின் மேல் ஒட்டி அஞ்சலில் சேர்த்தார்கள். போர்க்காலத்தில் ஜெர்மானிய ஒற்றர்கள் ஒரு பக்க நிழற்படத்தை முற்றுப்புள்ளி அளவுக்குச் சுருக்கி அனுப்பிய தந்திரத்தின் வழிவந்தது இது. (ரிஸ்கா அப்போது பள்ளி மாணவி, டி.என்.ஏ.வில் செய்தியை மறைக்கும் இந்த வேலைக்காகவே 2000இல் அமெரிக்காவின் இன்டெல் அறிவியல் திறன் தேடல் போட்டியில் முதல் பரிசு பெற்றார். உங்கள் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.)

பெறுபவரிடம் இருக்கவேண்டியது அந்த இரண்டு முனைத்தொடர்கள் எவை என்ற அறிவும் எழுத்து அட்டவணையும் மட்டுமே. அந்த முனைத்தொடர்களோடு பொருந்தும் இரு சிறு இழைகளை, அதாவது ப்ரைமர்களை, கலவையில் இட்டு பி.சி.ஆர். கருவியில் வைத்தால், சூடாக்கிக் குளிர்விக்கும் ஒவ்வொரு சுற்றிலும் அவ்விரண்டுக்கும் நடுவே இருக்கும் இழை மட்டும் இரட்டிப்பாகும். முப்பது சுற்றில் கோட்பாட்டளவில் நூறு கோடி மடங்கு. மனித டி.என்.ஏ.த் துண்டுகள் பெருகாமல் அப்படியே கிடக்கும். ப்ரைமர் தெரியாதவருக்கு எதுவுமே பெருகாது. பெருகாததை 1999இன் கருவிகளால் எளிதில் படிக்க வழியில்லை. ஒரு மனித மரபணுத்தொகுதியை முழுதாகப் படிக்கும் பன்னாட்டுத் திட்டமே அப்போது முடிந்திருக்கவில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இன்று நிலைமை வேறு. எங்களிடம் உள்ள, காரங்களை வரிசையாகப் படிக்கும் கருவிக்கு ப்ரைமர் தெரிந்திருக்கவேண்டிய தேவையே இல்லை. குழாயில் உள்ள எல்லாத் துண்டுகளின் நுனிகளிலும் ஒரே வகையான இணைப்புத் துண்டை ஒட்டவைத்து, கோடிக்கணக்கான இழைகளை ஒருசேரப் படித்துவிடுவோம். பிறகு கணினியில், மனித மரபணுத்தொகுதியோடு பொருந்துவதையெல்லாம் கழித்துவிட்டால், எங்கும் பொருந்தாத ஒரே இழை தனித்து நிற்கும். 1999இல் சோற்றில் மறைத்த கடுகாக இருந்தது இன்று சோற்றில் மறைத்த முழுப் பூசணிக்காயாகிவிட்டது.

மறுமொழி 2: எண்ணும்_எழுத்தும்

முந்தைய மறுமொழியை வழிமொழிகிறேன். நான் தகவல் பாதுகாப்புத் துறையில் பணிபுரிபவன். ஆசிரியர் கேட்ட "பூட்டு" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

செய்தி இருப்பதையே தெரியாமல் செய்வது ஒன்று. இருப்பது தெரிந்தும் படிக்க முடியாமல் செய்வது வேறொன்று. 1883இலேயே ஆகஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் ஒரு நெறி வகுத்தார்: முறை முழுவதும் எதிரியின் கையில் சிக்கினாலும் சாவி மட்டும் சிக்காதவரை செய்தி காக்கப்படவேண்டும். இந்த நெறியை வைத்து முற்றுப்புள்ளிக் கடிதத்தைச் சோதிப்போம். எந்தப் புள்ளி, என்ன கலவை, என்ன கருவி என எல்லாம் எதிரிக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டால், எஞ்சும் இரகசியம் இரண்டு ப்ரைமர்களும் எழுத்து அட்டவணையும்தான்.

ப்ரைமர் ஒன்றில் 20 இடங்கள், ஒவ்வோர் இடத்திலும் நான்கு வாய்ப்புகள்; அதாவது சுமார் 1.1 லட்சம் கோடி. இரண்டையும் சேர்த்தால் 80 பிட் சாவிக்கு நிகர். 1999இல் இது மோசமில்லை. ஆனால் அந்தச் சாவி இல்லாமலேயே எல்லாவற்றையும் படிக்கலாம் என்று மேலே நண்பர் காட்டிவிட்டார். பின்சுவரே இல்லாத வீட்டுக்கு முன்கதவில் திண்டுக்கல் பூட்டு எத்தனை கனமாக இருந்தால் என்ன?

அட்டவணையின் நிலை இன்னும் பரிதாபம். ஓர் எழுத்துக்கு எப்போதும் அதே மூன்று காரங்கள் என்றால், அது வகுப்பில் முதல் நாள் உடைத்துக்காட்டும் மாற்றெழுத்து முறையேயன்றி வேறில்லை. அந்த ஆங்கிலச் செய்தியை எழுதிப் பாருங்கள்: 23 குறிகளில் 'என்' என்ற எழுத்து மட்டும் ஐந்து முறை வருகிறது. எனவே 69 காரங்களை மும்மூன்றாகப் பிரித்தால் ஒரே மூவடுக்கு ஐந்து இடங்களில் தலைகாட்டும். செய்தி போரைப் பற்றியது, அதில் ஓர் இடப்பெயர் இருக்கும் என்ற ஊகம் மட்டும் இருந்தால் மீதியைக் குறுக்கெழுத்துப் போட்டி போல நிரப்பிவிடலாம். ஆய்வாளர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் மறைத்துவைக்கும் கலையைக் காட்ட வந்தவர்கள். அதை உடைக்க முடியாத பூட்டு என்று படிப்பவர் எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல்.

ஆகவே உங்கள் மாணவர்களின் முன்வரைவில் ஓரத்தில் எழுதவேண்டியது இது: முதலில் வழக்கமான மறையாக்கத்தால், உதாரணமாக ஏ.இ.எஸ். 256 முறையால், செய்தியை மூடுங்கள். அதன் பிறகு அந்த மறைத்தொடரை டி.என்.ஏ.வில் எழுதுங்கள். அப்போது எதிரி ஒவ்வோர் இழையையும் படித்தாலும் அவருக்குக் கிடைப்பது பொருளற்ற எண்கள்தான். இதில் எதிர்பாராத ஓர் உபரி இலாபமும் உண்டு. மறையாக்கம் செய்த தரவு தற்செயலான எண்களைப் போலவே தோற்றமளிப்பதால், ஒரே காரம் நீளமாகத் தொடர்வது அரிது. அப்படித் தொடர்ந்தால்தான் எழுதும்போதும் படிக்கும்போதும் பிழை கூடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆய்வகத்து நண்பர் சரிபார்க்கவேண்டும்.

டி.என்.ஏ.வுக்கே உரிய மறையாக்க முயற்சி ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெஹானி, லபீன், ரீஃப் ஆகியோர், ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் சாவித்தொடரை டி.என்.ஏ.வில் வைத்திருக்கலாம் என்று 1999இலேயே முன்மொழிந்தார்கள். செய்தியின் நீளத்துக்கு நிகரான தற்செயல் சாவி, ஒரே ஒரு முறை மட்டும் பயன்பாடு என்ற இரு நிபந்தனைகளும் காக்கப்பட்டால் அம்முறையை உடைக்கவே முடியாது என்பதை 1949இல் கிளாட் ஷானன் நிறுவியிருக்கிறார். நடைமுறையில் அதை எவரும் விரும்பாததற்குக் காரணம், மலையளவு சாவியை இருதரப்பும் சுமக்கவேண்டும் என்பதுதான். மலையைக் கடுகளவுக்குச் சுருக்கும் பொருள் கிடைத்தபோது அந்தப் பழைய எண்ணம் மீண்டும் உயிர்பெற்றதில் வியப்பில்லை. இடைச்செருகலாக ஒன்று: டி.என்.ஏ.வால் கணக்கிட முடியும் என்று 1994இல் ஏழு புள்ளிகள் கொண்ட ஒரு வழித்தடக் கணக்கைச் சோதனைக்குழாயில் தீர்த்துக்காட்டிய லெனார்டு ஏடில்மன், ஆர்.எஸ்.ஏ. என்ற புகழ்பெற்ற மறையாக்க முறையின் பெயரில் கடைசி எழுத்துக்கு உரியவர். இந்த இரு துறைகளும் தொடக்கத்திலிருந்தே அண்டைவீட்டார்தாம்.

மறுமொழி 3: ஆய்வகக்_குறிப்பேடு

ஒரு திருத்தம் சொல்ல அனுமதியுங்கள். இரண்டு ப்ரைமர்களைச் சேர்த்து 80 பிட் என்று நண்பர் கணக்கிட்டது காகிதத்தில் சரி, குழாயில் சரியில்லை. ப்ரைமர் என்பது கடவுச்சொல்லைப் போல ஓர் எழுத்து பிசகினாலும் மறுத்துவிடும் பொருளன்று. இழை வளரத் தொடங்கும் முனையில் உள்ள சில காரங்கள் கச்சிதமாகப் பொருந்தவேண்டும்; மறுமுனையில் இரண்டு மூன்று பிசகினாலும், வெப்பநிலையைச் சற்றுக் குறைத்தால் அது ஒட்டிக்கொண்டு வேலை செய்துவிடும். போதாக்குறைக்கு, குவானினும் சைட்டோசினும் மிகுந்தவை, தமக்குள்ளே மடிந்துகொள்பவை என்று பயன்படாத ப்ரைமர்களைக் கழித்துவிட்டால், உண்மையான சாவிகளின் எண்ணிக்கை நான்கின் இருபதாம் அடுக்கிலிருந்து வெகுவாக இறங்கிவிடும். பாதி திருப்பினாலே திறக்கும் பூட்டை 80 பிட் என்று எண்ணக்கூடாது.

ஒரே காரம் தொடர்வதைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். 2013இல் இங்கிலாந்தின் ஹிங்ஸ்டனில் உள்ள ஐரோப்பிய உயிர்தகவலியல் நிறுவனத்தில் நிக் கோல்ட்மன், யூவன் பிர்னி குழுவினர் ஷேக்ஸ்பியரின் 154 சானெட்டுகள் உட்பட ஐந்து கோப்புகளை எழுதியபோது, முந்தைய காரத்தைத் தவிர மற்ற மூன்றில் ஒன்றையே அடுத்து எழுதுவது என்று விதி வைத்து இதைத் தவிர்த்தார்கள். அப்படியும் ஒரு கோப்பில் தலைக்கு 25 காரங்கள் நீளமுள்ள இரண்டு இடைவெளிகள் விழுந்து, கையால் நிரப்ப நேர்ந்தது. மறையாக்கம் செய்யாத கோப்பில் 25 காரம் தொலைந்தால் ஒரு சொல்லோ படத்தின் ஒரு புள்ளியோ போகும். மறையாக்கம் செய்த கோப்பிலோ, முறையைப் பொறுத்து, ஒரு தொகுதி முழுவதுமே குப்பையாகிவிடும். சாவியிலேயே இழப்பு நேர்ந்தால் எல்லாமே போய்விடும். எனவே தொலைந்ததை மீட்க உதவும் பிழைதிருத்தக் குறியீட்டை மறையாக்கத்துக்குப் பிறகு, வெளிப்புறப் போர்வையாகச் சேர்க்கச் சொல்லுங்கள். மாணவர்கள் வரிசையை மாற்றிப் போட வாய்ப்பு அதிகம்.

மறுமொழி 4: நெல்லை_கணினி_ஆசிரியர்

இருவருக்கும் நன்றி. இப்போது ஓரக்குறிப்பை எழுதிவிடலாம். ஆனால் ஓர் ஐயம் தீர்ந்து வேறோர் ஐயம் பிறந்திருக்கிறது. பூட்டு கணிதத்தில்தான் இருக்கிறது என்றால், அந்த மறைத்தொடரை ஒரு சாதாரணப் பென்டிரைவில் வைத்துவிட்டுப் போகலாமே. இத்தனை செலவில் மூலக்கூறில் ஏன் எழுதவேண்டும்? மாணவர்கள் நாளை இதைக் கேட்டால் என்ன சொல்வது?

மறுமொழி 5: ஏட்டறை

ஆவணக் காப்பகப் பணியில் பல்லாண்டுகள் இருந்து ஓய்வுபெற்றவள் நான். இந்தக் கேள்விக்கு என் துறைக்காரர்கள் சொல்லும் விடை, ஆயுளும் அடர்த்தியும் என்பதே. 2017இல் யானிவ் எர்லிக், டினா சியலின்ஸ்கி இருவரும் கையாண்ட முறையில் ஒரு கிராம் டி.என்.ஏ.வுக்கு 215 பெட்டாபைட் (ஒரு பெட்டாபைட் என்பது பத்து லட்சம் கிகாபைட்) என்று கணக்கு வந்தது. என்னிடம் 1990களின் ஃப்ளாப்பித் தட்டுகள் ஒரு பெட்டி நிறைய உள்ளன. அவற்றைப் படிக்கும் கருவி வீட்டில் இல்லை. மனிதர் தம் நோயை அறிய டி.என்.ஏ.வைப் படித்துக்கொண்டிருக்கும்வரை அதைப் படிக்கும் கருவி ஏதோ ஒரு வடிவில் இருந்தே தீரும் என்ற வாதம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

ஆயுளைப் பொறுத்தவரை ஒரு செய்தி. டி.என்.ஏ.வை வெறுமனே நீரில் வைத்தால் மெல்ல மெல்ல அறுபடும். சூரிச்சின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கிராஸ் குழுவினர் 2015இல் இழைகளை நுண்ணிய சிலிக்கா உருண்டைகளுக்குள், அதாவது கண்ணாடிக்குள், அடைத்துவைத்தார்கள். புதைபடிவ எலும்புக்குள் பழைய டி.என்.ஏ. தப்பிப் பிழைப்பதைப் பார்த்து வந்த யோசனை அது. அவர்கள் எழுதியது 1291ஆம் ஆண்டின் சுவிஸ் கூட்டாட்சிப் பட்டயமும் ஆர்க்கிமிடீஸின் ஒரு நூலுமாக 83 கிலோபைட். ஒரு வாரம் 70 பாகை வெப்பத்தில் வைத்தும் பிழையின்றி மீட்டார்கள். மத்திய ஐரோப்பியத் தட்பவெப்பத்தில் அது 2,000 ஆண்டுகளுக்கு நிகர் என்று மதிப்பிட்டார்கள். 2019இல் எர்லிக்கும் கிராஸும் சேர்ந்து, ஒரு பிளாஸ்டிக் முயல் பொம்மையின் வடிவக் கோப்பையே டி.என்.ஏ.வாக்கி, சிலிக்காவில் பொதிந்து, அந்தப் பொம்மையின் பிளாஸ்டிக்கிலேயே கலந்து அச்சிட்டார்கள். காதோரம் ஒரு துணுக்கைக் கிள்ளியெடுத்தால் அடுத்த முயலை அச்சிடலாம். மூக்குக்கண்ணாடியின் வில்லை ஒன்றுக்குள் ஒரு காணொளியையும் வைத்தார்கள். எந்தச் சோதனைச் சாவடியிலும் மூக்குக்கண்ணாடியைச் சேமிப்புக் கருவி என்று எவரும் பிடுங்குவதில்லை, பென்டிரைவைப் பிடுங்குவார்கள். ஆசிரியரின் கேள்விக்கு இதுவும் ஒரு விடை.

ஆனாலும் என் மனத்தில் நெடுநாளாக உறுத்துவது வேறு. 2,000 ஆண்டுகள் நிற்கும் பொருளில் மறையாக்கம் செய்து எழுதினால், சாவியை 2,000 ஆண்டுகளுக்கு யார் வைத்திருப்பார்கள்? சாவி தொலைந்தால், பாறைபோல் நிற்கும் அந்த ஆவணம் இறந்த ஆவணம். சாவியையும் அதே கண்ணாடி உருண்டைக்குள் வைத்தால், பூட்டின்மேலேயே சாவியைத் தொங்கவிட்டதாகும். மறுபுறம், இன்று உடைக்க முடியாத மறையாக்கம் ஐம்பது ஆண்டுகளில் உடையக்கூடும். கணினிக் கோப்பாக இருந்தால் காலத்துக்குக் காலம் புதிய முறையில் மறுபடி பூட்டலாம், கண்ணாடிக்குள் உறைந்ததை அப்படிச் செய்ய முடியாது. காப்பகத்தார் நீடிப்பையே பெருமையாகப் பேசிப் பழகியவர்கள். இரகசியத்துக்கு அந்த நீடிப்பே பகையாகும் இடம் இது. செலவும் இருக்கிறது: எர்லிக் குழுவினருக்கு ஏறத்தாழ 2 மெகாபைட்டை எழுத 7,000 டாலரும், படிக்க 2,000 டாலரும் ஆயின.

மறுமொழி 6: எண்ணும்_எழுத்தும்

ஏட்டறை அம்மா சொன்ன சாவிச் சிக்கலை நான் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கிறேன். ஆவணத்தை வழக்கம்போலக் கணினியில் வைத்து, சாவியை மட்டும் மூலக்கூறில் வைத்தால் என்ன? 256 பிட் சாவிக்கு, ஒரு காரத்துக்கு இரண்டு பிட் வீதம், 128 காரங்கள் போதும். இருபுறமும் இருபது இருபதாக ப்ரைமர் இடங்களைச் சேர்த்தால் 168. செயற்கையாகத் தொகுத்து விற்கும் இழைகள் 200 காரங்கள் வரை எளிதாகக் கிடைக்கின்றன என்பதால், பிழைதிருத்தத்துக்கென்று 32 காரங்கள் மிஞ்சுகின்றன. மெகாபைட் கணக்கில் செலவழிக்காமல் ஒரே ஓர் இழையில் வேலை முடிகிறது. குலுக்கிய சாவியில் ஒரே காரம் ஐந்து முறை தொடர்ந்து வந்தால் அதை விட்டுவிட்டு வேறொன்று குலுக்கலாம். அதனால் சாவியின் வலுவில் ஏற்படும் இழப்பு ஒரு பிட்டுக்கும் குறைவு. காலத்துக்கேற்ப மறையாக்கத்தை மாற்றும்போது புதிய இழை ஒன்றை எழுதிப் பழையதை அழித்துவிடலாம். மாணவர்கள் கையில் எடுக்கத்தக்க அளவு இதுதான் என்பது என் எண்ணம்.

மறுமொழி 7: ஆய்வகக்_குறிப்பேடு

கணக்கு சரி; கடைசிக்கு முந்தைய வாக்கியத்தில் வரும் "அழித்துவிடலாம்" என்ற சொல்லில்தான் எனக்கு வழக்கு.

168 காரங்கள் கொண்ட ஒற்றை இழையில் ஒரு நானோகிராம் எடுத்தால், அதில் சுமார் 1,000 கோடி பிரதிகள் இருக்கும். விற்பனையாளர் அனுப்பும் குழாயில் உலர்ந்த நிலையில் கண்ணுக்கே தெரியாமல் இருப்பது அதைப்போல் பல மடங்கு. ஒரு நானோகிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மட்டும் தப்பினாலும் பத்தாயிரம் பிரதிகள் மிஞ்சும், பி.சி.ஆருக்குப் பத்து இருபது பிரதிகளே தாராளம். கோப்பை அழித்ததற்குக் கணினி ஓர் அறிவிப்பாவது காட்டும். குழாயைக் காலி செய்ததற்கு எவரும் சான்று தரமுடியாது. வெளுப்புத் திரவத்தில் ஊறவைப்பதும் புற ஊதா விளக்கின்கீழ் வைப்பதும்தான் எங்கள் வழக்கம். அதுவும் குழாய்க்குள் இருப்பதற்குத்தான் உதவும்.

வெளியே போவதைப் பற்றி என் அனுபவம் ஒன்று. பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஒரே செயற்கை இழையை மூன்று வாரங்கள் நாள்தோறும் பெருக்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் சோதனைக்குச் சோதனையாக, டி.என்.ஏ. எதுவும் இடாமல் தூய நீர் மட்டும் விட்ட ஒரு குழாயையும் உடன் ஓட்டுவோம். இழைகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் அந்தக் குழாய்க்குரிய தடம் வெறுமையாக இருக்கவேண்டும். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் ஊதா விளக்கைப் போட்டுப் பார்த்தால், நீர்க் குழாயின் தடத்திலும் பளிச்சென்று ஒரு பட்டை, அதே இடத்தில், அதே தடிப்பில். நீரை மாற்றினேன், நொதியை மாற்றினேன், பட்டை போகவில்லை. பெருக்கிய குழாய்களின் மூடியைத் திறக்கும்போதெல்லாம் எழுந்த நுண்துளிகள், திரவத்தை அளந்து உறிஞ்சும் பிப்பெட்டின் தண்டுக்குள்ளும் மேசையிலும் படிந்திருந்தன என்று பிறகுதான் தெரிந்தது. பிப்பெட்டுகளைக் கழற்றிக் கழுவி, மேசையை வேறு அறைக்கு மாற்றிய பிறகே ஓய்ந்தது. அந்த இழை ஒருவருடைய இரகசியச் சாவியாக இருந்திருந்தால், அந்த மேசையைப் பஞ்சால் துடைத்துக்கொண்டு போன எவரும் அதை எடுத்துச் சென்றிருப்பார். எடுத்ததற்கான சுவடும் எனக்குத் தெரிந்திருக்காது. முற்றுப்புள்ளிக் கடிதத்துக்கும் இது பொருந்தும். வழியில் ஒருவர் பிரித்து, புள்ளியின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டு, கடிதத்தைத் திரும்ப ஒட்டிவிட்டால் பெறுபவருக்கு எதுவும் குறைவாகத் தெரியாது.

மேலும் இரு வாசல்கள் திறந்து கிடக்கின்றன. ஒன்று, இழையைத் தொகுக்கக் கொடுக்கும்போது வரிசையை எழுத்துக்கு எழுத்து விற்பனையாளரின் இணையப் படிவத்தில் தட்டச்சு செய்கிறோம். நோய்க்கிருமியின் வரிசையை எவரேனும் கேட்கிறார்களா என்று பார்க்கவே பல நிறுவனங்கள் வரும் ஆணைகளைச் சோதிக்கின்றன. சாவியை அவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் இரகசியத்தைத் தொடங்குகிறோம். இன்னொன்று, படிக்கும் இடம். செலவைக் குறைக்கப் பலருடைய மாதிரிகளை அடையாளத் துண்டு ஒட்டி ஒரே ஓட்டத்தில் படிப்பது வழக்கம். அதில் ஒருவர் மாதிரியின் சில வரிசைகள் மற்றவர் கோப்புக்குள் நழுவுவதுண்டு. 2017இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பீட்டர் நே, டடயோஷி கோனோ, லூயிஸ் சேசே முதலானோர் இந்தக் கசிவைப் பாதுகாப்புக் கோணத்தில் ஆராய்ந்தார்கள். அதே ஆய்வில், 176 காரங்கள் கொண்ட ஓர் இழைக்குள் கணினித் தாக்குநிரலையே எழுதி, அதைப் படித்துச் சுருக்கும் மென்பொருளின் வழியாகக் கணினியைக் கைப்பற்றியும் காட்டினார்கள். மென்பொருளில் அந்த ஓட்டையை அவர்களே வேண்டுமென்று வைத்தார்கள் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

மறுமொழி 8: எண்ணும்_எழுத்தும்

நீர்க் குழாய்க் கதைக்குப் பிறகு என் வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். விற்பனையாளருக்குச் சாவி தெரிந்துவிடும் என்ற வாசலை மட்டும் அடைக்க வழி உண்டு: சாவியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை இழையிலும் மறுபாதியை நினைவில் வைத்த கடவுச்சொல்லிலும் வைத்தால், ஒன்றை மட்டும் பெற்றவருக்குப் பயனில்லை.

பிரதியெடுக்கும் எளிமையே குறை என்றால், அந்தக் குறையைச் சுற்றிக்கொண்டு போகும் முயற்சி ஒன்று கிராஸின் குழுவிலிருந்தே 2024இல் வந்திருக்கிறது. வரிசையைத் தட்டச்சு செய்து கேட்பதற்குப் பதிலாக, குறிப்பிட்ட இடங்களில் நான்கு காரங்களையும் கலந்து கொடுத்து, எவரும் எழுதாத, எவருக்கும் தெரியாத கோடிக்கணக்கான தற்செயல் இழைகளை உண்டாக்குகிறார்கள். ஒரு குறிப்பிட்ட ப்ரைமரைக் கேள்வியாக இட்டால், அந்தக் கூட்டத்திலிருந்து சில இழைகள் பெருகி விடையாக வருகின்றன. இன்னொரு கேள்விக்கு இன்னொரு விடை. அந்தக் கூட்டத்தை வைத்திருப்பவர் மட்டுமே விடை சொல்ல முடியும். இதைச் செய்தி எழுதப் பயன்படுத்த முடியாது. இந்த ஓவியம் அசலா, இந்த மருந்து போலியா என்று அடையாளம் காணப் பயன்படுத்தலாம். விற்பனையாளருக்கே வரிசை தெரியாது என்பது எனக்குப் பிடித்த இடம்.

மறுமொழி 9: நெல்லை_கணினி_ஆசிரியர்

மாணவர் இருவரையும் இன்று மாலை அமரவைத்து இந்த உரையாடல் முழுவதையும் படித்துக்காட்டினேன். தலைப்பை அவர்களே மாற்றிவிட்டார்கள்: 256 பிட் சாவி ஒன்றை 200 காரங்களுக்குள் எழுதுவது, ஐந்து காரங்கள் வரை தொலைந்தாலும் மாறினாலும் மீட்பது, இரண்டையும் கணினியில் மட்டுமே போலியாக நிகழ்த்திக்காட்டுவது. முப்பத்திரண்டு காரங்கள் அதற்குப் போதுமா என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு. ஒருவர் ரீட்–சாலமன் என்ற பிழைதிருத்தக் குறியீடே போதும் என்கிறார், மற்றவர் காரம் மாறுவதற்குத்தான் அது உதவும், காரம் உதிர்ந்து தொடரே நகர்ந்துவிட்டால் உதவாது என்கிறார். கரும்பலகையில் நார்மண்டிச் செய்தியை மும்மூன்றாக எழுதச் சொன்னேன். ஐந்து 'என்' களையும் நான்கு நிமிடத்தில் வட்டமிட்டுவிட்டார்கள்.

மறுமொழி 10: ஆய்வகக்_குறிப்பேடு

இரண்டாமவர் சொல்வதே சரி. தொகுக்கும்போது காரம் உதிர்வதுதான் நாங்கள் அதிகம் காணும் பிழை. ஆனால் குழாயில் கோடிக்கணக்கான பிரதிகள் இருப்பதால், பல பிரதிகளைப் படித்து அடுக்கி ஒப்பிட்டால் எங்கே உதிர்ந்தது என்று தெரிந்துவிடும். ஒரே பிரதியை வைத்துக்கொண்டு இருவரும் சண்டையிடவேண்டாம் என்று சொல்லுங்கள். போலி நிகழ்த்தலில் நூறு பிரதிகளை உருவாக்கி, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு இடத்தில் பிழை வைக்கட்டும். எதுவும் எழுதாத வெற்று மாதிரி ஒன்றையும் உடன் ஓட்டட்டும். அதிலிருந்தும் சாவி வெளிவந்தால் நிரலில் எங்கோ கசிகிறது என்று பொருள்.